தீர்த்தம் பட்ட வண்டி

அந்த மஞ்ச வெளக்கைத்தானே பாக்கறீங்க சிஸ்டர்? நானும் பாத்துட்டனுங்க. செக்போஸ்ட் தாண்டறப்பவே வந்துருச்சு. நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லலை. பயப்பட ஒண்ணுமில்லீங்க. தை மாசத்துல இருந்து எரியறதும் அணையறதுமாத்தான் இருக்குது. இன்ஜின்ல ஏதோ கோளாறுன்னா அது எரியுமாமா. என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லாது. ஊட்டுல சில பேரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க, என்னன்னு கேட்டா வாயைத் தெறக்க மாட்டாங்க பாருங்க, அந்த மாதிரி. பெல்ட்டை மட்டும் போட்டுக்கங்க.

வேர்வையா? எனக்கு எப்பவும் இப்படித்தான் ஊத்தும். ஏசி போட்டா இழுவை கொறைஞ்சிருது, அதான் கண்ணாடியை எறக்கி வெச்சிருக்கறேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. ஈ.பி.ல முப்பத்திரெண்டு வருசம் லைன்மேன். சத்தியமங்கலத்துல என்னைத் தெரியாத கம்பம் கெடையாது. மழையில ஏறியிருக்கறேன், சாரைப்பாம்பு சுத்திக் கெடந்த கம்பத்துல ஏறியிருக்கறேன். ஏ.இ. சார் சொல்லுவாரு, சென்னியப்பனுக்குப் பயப்படற நரம்பையே வெக்காம ஆண்டவன் அனுப்பிச்சுட்டாருன்னு. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்குக் கடுகத்தனை வெளக்கைப் பாத்து நடுங்கறேன். கெரகம்னு சொல்றதா என்னன்னு சொல்றதுன்னு தெரியலீங்க.

பின்னால மணக்குதுங்களா? அத்தனையும் கட்டுச்சோறு. புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, இன்னும் என்னென்னமோ. என்ற மக தாரணிக்கு ஒம்பதாம் மாசம். இன்னைக்குத் தாளவாடியில சம்மந்தி ஊட்டுல விருந்து. விருந்து முடிஞ்சு பொழுது எறங்கறதுக்குள்ள அம்மிணியை இதே வண்டியில, இதே இருபத்தேழு வளைவுல எறக்கி எங்க ஊட்டுக்குப் பிரசவத்துக்குக் கொண்டாந்து சேக்கோணும். இந்த ஒரு நாள் நல்லபடியா முடிஞ்சாப் போதுமுங்க. அப்புறம் இந்த வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போனாலும் நான் கேக்க மாட்டேன்.

ஒறம்பரை, சொந்தக்காரங்க பூராவும் நேத்தே வேன்ல மேல போயிட்டாங்க. என்ற ஊட்டுக்காரி சம்பூரணமும் அதுலதான் போனா. இந்த வண்டியில காலை வெக்க மாட்டேன்னுட்டா. அது ஏன்னு சொல்றேன்.

உங்களை எனக்குத் தெரியுமுங்க. தாரணிக்கு மாசாமாசம் நீங்கதானே பிரஷர் பாத்து, எடை பாத்து எழுதறது. போன்ல சொல்லுவா, நர்ஸக்கா திட்டறாங்கப்பா, கீரை திங்கச் சொல்றாங்கப்பான்னு. செக்போஸ்ட்ல நீங்க பஸ்ஸுக்கு நிக்கறதைப் பாத்ததும், சரி, நம்மாளுன்னு நிறுத்திட்டேன்.

வண்டி பன்னெண்டு வருசத்துப் பழசுங்க. ஏழு பேரு உக்கார்ற டீசல் வண்டி. தாரணியைக் கட்டிக்குடுத்த நாள்ல இருந்து எனக்கு ஒரே ஆசை, பிரசவத்துக்கு அவ பொறந்த ஊட்டு வண்டியில வந்து எறங்கோணும்னு. தை இருபத்தொண்ணு காத்தால வண்டி கைக்கு வந்துச்சு. நேரா ஆலாங்காட்டு அம்மன் கோயிலுக்குத்தான் ஓட்டுனேன். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, எல்லாரும் பண்றதுதான். ஆனா நான் ஒண்ணு எச்சாப் பண்ணுனனுங்க. மத்தவிய வண்டி மேலாப்புல நாலு சொட்டுத் தெளிச்சுப்போட்டுப் போயிருவாங்க. வண்டிக்கு உசுரு எங்க இருக்குது? இன்ஜின்ல. நான் பேனட்டைத் தெறந்து, அம்மனுக்கு அபிசேகம் பண்ணுன மஞ்சத் தீர்த்தத்தை ஒரு சொம்பு நெறைய வாங்கி, இன்ஜின் பூராவும் படறாப்புல ஊத்துனேன். பூசாரியே சொன்னாரு, சென்னியப்பா, உன்ற பக்தி ஆருக்கும் வராதுன்னு.

அன்னைக்கே தாரணிக்குக் காட்டோணும்னு மேல வந்து, மத்தியானம் அங்கயே சாப்புட்டுப்போட்டு எறங்குனேன். பத்தொம்பதாவது வளைவு தாண்டி, இன்னும் ரெண்டு வளைவு எறங்குனதும் மொதமொதலா இந்த வெளக்கு எரிஞ்சுது. பத்தொம்பதுல ஒண்ணும் நடக்கலீங்க. சும்மா அடையாளத்துக்குச் சொன்னேன்.

மறுநாளே பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனேன். கண்ணாடி போட்ட ஆபீசு, காப்பி எல்லாம் குடுக்கறாங்க. ஒரு பையன் ஸ்டீரிங்குக்குக் கீழ வயரைச் சொருவி லேப்டாப்புல பாத்தான். ஏதோ நம்பர் வந்துச்சு. ஏதோ சென்சாராம். அதை அழிச்சு உட்டான், வெளக்கு அணைஞ்சிருச்சு. அவ்வளவுதானா தம்பின்னேன். அவ்வளவுதான் சார்னான். மாசி அமாவாசை வரைக்கும் வண்டி தங்கம். அமாவாசைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், மறுநாள் காத்தால மறுக்கா எரியுது.

அந்த வாரத்துலதான் தாரணி போன் பண்ணுனா, நாள் தள்ளிப்போயிருக்குதுப்பான்னு. சம்பூரணம் அழுது சிரிச்சு ஊரையே கூட்டுனா. நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். ஆனா அன்னைக்கு ராத்திரி எந்திரிச்சுப் போயி, சாவியைத் திருப்பித் திருப்பி அந்த வெளக்கையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறமென்ன, ஊர்ல ஆளுக்கொரு வைத்தியம். டீசல்ல தண்ணி கலந்திருக்கும்னான் ஒருத்தன். ஃபில்டரை மாத்துனேன். அணைஞ்சுது. பங்குனியில எரிஞ்சுது. எலி வயரைக் கடிச்சிருக்கும், பொகையிலை வெச்சா எலி அண்டாதுன்னான் இன்னொருத்தன். நாலு கட்டுப் பொகையிலையும் ஒரு டப்பா பாச்சை உருண்டையும் உள்ள கட்டி வெச்சேன். எலி போச்சோ இல்லியோ, வண்டியில ஏறுன ஒறம்பரை எல்லாம் தும்மித் தும்மியே ஊடு போய்ச் சேந்தாங்க. சித்திரையில மறுக்கா எரிஞ்சுது. சென்சாரையே புதுசா மாத்துனேன். வைகாசியில எரிஞ்சுது.

வெறும் வெளக்கு எரிஞ்சாத் தொலையட்டும்னு உட்ருப்பனுங்க. கறுப்பு டேப்பை ஒட்டி மறைச்சுக்கூடப் பாத்தேன். டேப்புக்குப் பின்னால எரியுதா எரியலியான்னு தெரியாம ஓட்டறது அதைவிடப் பயம். பிச்சுப் போட்டுட்டேன்.

ஆடியில, நானும் சம்பூரணமும் தாரணியைப் பாக்க மேல வர்றோம். நாம இப்பத் தாண்டுனமே பதினொண்ணாவது வளைவு, அங்க. வெளக்கு எரிஞ்சு, இழுவை சுத்தமாப் போச்சு. மிதிக்கறேன், மிதிக்கறேன், இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. முன்னால கரும்பு லாரி, பின்னால பஸ்ஸு. பிரேக்குல இருந்து காலை எடுத்தா வண்டி பின்னால போகுது. ஒரு முழம் போயிருச்சு. பஸ்ஸு டிரைவர் ஆரனை அழுத்திப் புடிச்சுட்டான். சம்பூரணம் கதவைத் தெறந்து குதிச்சுட்டா. அறுவது வயசுப் பொம்பளை, முட்டி சிராய்ச்சு ரோட்டுல உக்காந்துட்டு, தாரணியை இதுல ஏத்தாதீங்க, என்ற புள்ளையை இதுல ஏத்தாதீங்கன்னு தலையில அடிச்சுக்கறா. நாலு பேரு சேந்து தள்ளித்தான் வண்டியை ஓரம் கட்டுனோம். கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காதது மாதிரி ஓடுச்சு.

அன்னையில இருந்து சம்பூரணம் தினக் காலண்டர்ல குறிக்க ஆரம்பிச்சா. வெளக்கு எரியற நாளுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. பழசையும் எங்கிட்டக் கேட்டுக் கேட்டுப் போட்டா. போட்டுப்போட்டு ஒரு நா என்னைக் கூப்புட்டு, இங்க வந்து பாருங்கன்னா. வண்டி வந்த மொத நாளைத் தவிர எல்லாக் குறியும் அமாவாசைக்கு அடுத்த நாள், இல்லாட்டி அடுத்ததுக்கு அடுத்த நாள். எனக்கு ஒடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. மனுசங்க பண்ற கோளாறா இருந்தா அமாவாசை பாத்தா வரும்? கெட்டது என்னமோ வண்டியில ஒட்டிட்டு இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

சரி, நாம சாமியை நல்லாப் புடிச்சுக்கறதுதான் வழின்னு, அமாவாசைக்கு மட்டும் பண்ணிட்டு இருந்த பூசையை வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பண்ண ஆரம்பிச்சேன். அதே மாதிரித்தான், பேனட்டைத் தெறந்து ஒரு சொம்பு மஞ்சத் தீர்த்தம். அம்மன் மேல பாரத்தைப் போட்டேன். பாத்தா, இப்ப வெளக்கு வெள்ளிக்கெழமைக்கு மறுநாளும் எரியுது. ஆவணியில செவ்வாக்கெழமையும் சேத்துக்கிட்டேன், ஒரு சொம்பை ரெண்டு சொம்பாக்குனேன். வாரத்துல நாலு நாள் எரியுது. நான் கூட்டக் கூட்ட அதுவும் கூடுது சிஸ்டர். எதுத்து நின்னு மல்லுக் கட்டுது. எவ்வளவு பலமான கெட்டதுன்னு பாத்துக்கங்க.

என்னுங்க? எதுக்குச் சிரிக்கறீங்க? சிரிக்கலியா, சரி சரி.

உங்களுக்கு வெளங்கிருச்சு போல இருக்குது. சிக்கந்தர் பாயும் இப்படித்தான் என்னைப் பாத்தாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சின்ன ஷெட்டு வெச்சிருக்கறாரு. வயர் வேலையில கைகாரரு. ஆவணியில இருந்து அவர்கிட்டத்தான் காட்டறேன். மொத நாளே கேட்டாரு, அண்ணே, இன்ஜின்ல தண்ணி பட்டுச்சான்னு. இல்லீங்க பாய்னேன். வாட்டர் வாஷ் குடுத்தீங்களான்னாரு. இன்ஜின் பக்கம் ஹோஸையே காட்ட உடமாட்டேன், நான் ஈ.பி. ஆளுங்க, ஈரக்கையில சுவிச்சைத் தொடாதேன்னு ஊருக்கே சொன்னவன்னேன். மழையில பேனட்டைத் தெறந்தீங்களான்னாரு. தெறக்கலை. மூணு தடவை போனேன், மூணு தடவையும் அதே கேள்வி, அதே பதில். தாரணி மேல சத்தியமா நான் பொய் சொல்லலீங்க.

போன வியாழக்கெழமை பாய் இன்ஜின் மேல மூடியிருக்கற பிளாஸ்டிக்கைக் கழட்டி, சென்சார் சாக்கெட்டைப் புடுங்கி உள்ளங்கையில தட்டுனாரு. மஞ்சளா நாலு சொட்டு விழுந்துச்சு. மோந்து பாத்தாரு. எண்ணெயும் இல்லை, டீசலும் இல்லை. என்னை நிமுந்து பாத்து, அண்ணே, இது மஞ்சத்தண்ணி, தண்ணி படலைன்னு சொன்னீங்கன்னாரு.

“அது தண்ணி இல்லீங்க பாய். தீர்த்தம்” அப்படின்னேன்.

பாய் கையைத் துணியில தொடச்சாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. “அண்ணே, நீங்க சாமிக்கு என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக் கும்புடுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இந்த சாக்கெட்டுக்கு அது தெரியாதுண்ணே. பழைய வண்டி, ரப்பர் வெடிச்சுப் போச்சு. ஊத்துனா உள்ள போவும், போனா லைட்டு எரியும், இழுவை போவும். சூட்டுல காஞ்சா தானா அணையும். முப்பது வருசம் கரண்டுல நின்ன ஆளு, உங்களுக்கா நான் சொல்லோணும்?”

சாக்கெட்டைக் காய வெச்சு, புது ரப்பர் வாங்கற வரைக்கும் பேனட்டைத் தெறக்காதீங்க, டயருக்கு எத்தனை கொடம் வேணும்னாலும் ஊத்துங்கன்னு சொல்லி அனுப்புனாரு. நான் ஷெட்டுக்கு வெளிய வந்து ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். முப்பது பேருக்கு முன்னால வேட்டி அவுந்த மாதிரி இருந்துச்சு. கூடவே ஒரு நிம்மதி. பேயுமில்லை பூதமுமில்லை, வெறும் ஈரம். ஊடு வர்ற வரைக்கும் சிரிச்சுட்டே வந்தேன்.

ஊட்டுக்கு வந்து படுத்தேன் பாருங்க. அப்பத்தான் வேற ரோசனை வந்துச்சு. பாய் சொன்னது எல்லாம் நெசந்தானுங்க. தீர்த்தம் பட்டாத்தான் வெளக்கு எரியுது. அப்பறம் அது ஆரு தீர்த்தம்? அம்மன் தீர்த்தம். மொத நாள்ல இருந்து வெளக்கை ஏத்துனது கெட்டது இல்லை, அம்மன். அவதான் எங்கிட்ட என்னமோ சொல்லிட்டு இருந்திருக்கறா. பத்து மாசமாச் சொல்றா, நான் ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாப் போயி அவ வாயை அடைச்சுட்டு இருந்திருக்கறேன். கெட்டதுன்னாக்கூட மந்திரிச்சுக்கலாம். அம்மனே கோவமா இருந்தா எங்க போறது?

பாய்கிட்டச் சொன்னா அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு. இருக்கட்டுமுங்க.

அதான் முந்தாநேத்து பூ கேக்கப் போனேன். உங்க பக்கம் உண்டுங்களா? செவப்புப்பூவையும் வெள்ளைப்பூவையும் தனித்தனியாப் பொட்டணம் கட்டி அம்மன் முன்னால போட்டு, மனசுல கேள்வியை நெனைச்சுக்கிட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லோணும். வெள்ளை வந்தாச் சரி, செவப்பு வந்தா வேண்டாம். தாரணியை இந்த வண்டியில எறக்கலாமான்னு கேட்டேன். பூசாரி எடுத்தாரு. செவப்பு. கையி சரியில்லை, மறுக்கா எடுங்கன்னேன். செவப்பு. மூணாந்தடவை வெள்ளை வந்துச்சு. மூணாந்தடவை வர்றதுதான் கணக்குன்னு நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன். பூசாரி பொட்டணத்தை மடிச்சுப்போட்டு உள்ள போயிட்டாரு.

வேற வண்டியா? சம்பூரணமும் அதைத்தான் சொன்னா. மாப்பிள்ளையும் சொன்னாரு. எந்த வண்டியில ஏத்துனா என்னங்க? கோவம் வண்டி மேலயா இருக்குது?

காத்தால பேனட்டுக்கு முன்னால அரை மணி நேரம் நின்னேன். ஊத்துனா வெளக்கு எரியும், பாய் சொல்லிட்டாரு. ஊத்தாமப் போனா அம்மனை வேண்டாம்னு சொல்லிட்டு என்ற புள்ளையைக் கூட்டப் போற மாதிரி. இன்னைக்கு ஊத்தறேன், எரியலைன்னா அவ கோவம் தணிஞ்சிருச்சுன்னு அர்த்தம்னு சொல்லிக்கிட்டு ஊத்துனேன். மூணு சொம்பு ஊத்துனேன். எரிஞ்சிருச்சு. பாக்கறீங்களே.

இதா, இந்த வளைவுதான். கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கறேன். இன்ஜினையும் அணைச்சுப்போடறேன். சூடு ஆறட்டும். போர்டைப் பாருங்க, பத்தொம்பது.

உங்களை சும்மா ஏத்தலீங்க சிஸ்டர். பத்து நிமிசத்துல உங்களுக்கு பஸ்ஸு வந்திருக்கும். இந்த மலையில எந்த ஊட்டுல எந்தப் பொம்பளைக்குப் பிரசவமானாலும் உங்க நோட்டுல ஏறாமப் போகாதுன்னு தாரணி சொல்லியிருக்கறா. அதான் ஏத்துனேன். மூணு மாசமா உங்களைப் பாத்துப் பேசோணும்னு இருந்தேன், தைரியம் வரலை.

தை இருபத்தொண்ணு நான் எறங்கி வர்றேன். அந்தத் தடுப்புச் செவுரு இருக்குதில்லீங்க, அது மேல ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சு. வயித்தை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு. மலைக்காரங்க மாதிரி இருந்துச்சு. சின்ன வயசு, தாரணியை விடச் சின்னது. புருசன்காரன் ரோட்டுக்கு நடுவுல வந்து துண்டை ஆட்டுனான். நான் வேகத்தைக் கொறைச்சனுங்க. கொறைக்கலைன்னு சொல்ல முடியாது. நிறுத்தத்தான் போனேன். அப்பத்தான் பாத்தேன், அந்தப் பொம்பளைக்குப் பொடவை இடுப்புக்குக் கீழ பூராவும் நனைஞ்சிருந்துச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா, நானும் புள்ளை பெத்தவன்.

வண்டி கைக்கு வந்து ஒரு பொழுது ஆகலை. புதுசாத் தெச்சுப் போட்ட சீட்டுல பாலித்தீன் கவரே பிரிக்கலை. மாலை வாடலை. அம்மன் தீர்த்தம் பட்ட வண்டி. மொத நாளே அதுல தீட்டை ஏத்துனா வெளங்குமா, நீங்களே சொல்லுங்க. வேற நாளா இருந்தா நான் ஏத்தியிருப்பேன். மறுநாளா இருந்தாக்கூட ஏத்தியிருப்பேன். என்னை அப்படிப்பட்ட ஆளுன்னு நெனைச்சுராதீங்க. புயல்ல கம்பம் விழுந்தப்ப ராப்பகலா நின்னு பிரசவ ஆஸ்பத்திரிக்கு லைன் குடுத்தவன் நான்.

அவன் வண்டி கூடவே ஓடியாந்தான். கண்ணாடியை ரெண்டு தட்டுத் தட்டுனான். பின்னால பஸ்ஸு வருது, பஸ்ஸு வருதுன்னு கையைக் காட்டிப்போட்டு வந்துட்டேன். நெசமாவே பஸ்ஸு வந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. வர்ற நேரந்தான். ரெண்டு வளைவு எறங்குனேன், இந்த வெளக்கு எரிஞ்சுது.

மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. எனக்கு என்ன கனம்? ஒருத்தரைக் கொல்லலை, கொள்ளையடிக்கலை. நிறுத்தலை, அவ்வளவுதான். இந்த ரோட்டுல நிறுத்தாமப் போற வண்டி ஒரு நாளைக்கு எத்தனை. அவிய எல்லாரு ஊட்டுலயும் புள்ளை நல்லாத்தான் பொறக்குது.

ஏனுங்க, எதுக்கு நிமுந்து பாக்கறீங்க?

தேதியா? தை இருபத்தொண்ணுங்க, சொன்னனே. இங்கிலீசு தேதியின்னா பிப்ரவரி நாலு. மணி நாலு, நாலேகால் இருக்கும். எதுக்குங்க சிஸ்டர் மணியெல்லாம் கேக்கறீங்க? பொடவையா? பச்சையோ நீலமோ, ஏதோ ஒண்ணு. நனைஞ்சிருந்ததுல கலரு தெரியலை. புருசன்காரனுக்கு ஒரு கை ஊனமான்னா கேக்கறீங்க? ஆமாங்க. ஒரு கையில துண்டு. இன்னொரு கை மணிக்கட்டுக்குக் கீழ இல்லை. சூம்பிப் போயிருந்துச்சு. அந்தக் கையிலதான் கண்ணாடியைத் தட்டுனான். அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லீங்களே.

வேண்டாம். சொல்லாதீங்க. இப்பச் சொல்லாதீங்க சிஸ்டர். உங்க காலைப் புடிச்சுக்கறேன். பேரையும் சொல்லாதீங்க. இதுவரைக்கும் எனக்கு அது ஒரு பொம்பளை, அவ்வளவுதான். பேரு தெரிஞ்சா நான் இந்த மலையை எப்படி எறங்குவேன்? தாரணியைக் கீழ கொண்டாந்து, அவளுக்கும் புள்ளைக்கும் ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா சொன்னப்புறம் நானே உங்களைத் தேடி வர்றேன். அப்ப உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லுங்க. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

சரி, கெளம்பலாம். அங்க எல்லாரும் இலை போட்டுட்டுக் காத்திருப்பாங்க. சாவியைத் திருப்பறேன்.

இங்க பாருங்க. சிஸ்டர், இந்தப் பக்கம் பாருங்க. அணைஞ்சிருச்சு. எரியலை. பாய் சொன்னது எனக்கு மறக்கலீங்க, சூட்டுல காஞ்சா அணையும்னாரு. ஆனா இந்த எடத்துல, நான் வாயைத் தெறந்து சொல்லி முடிச்சதும் அணையுதுன்னா, அது அம்மன் சொல்றதில்லாம வேற என்னங்க? பஸ்ஸு வந்திருக்குது. அவங்களை ஏத்திருக்கறாங்க. அந்தப் பொம்பளை நல்லா இருக்கறா. கொழந்தைக்கு இப்ப ஒம்பது மாசம் முடிஞ்சிருக்கும், தவழும். நீங்கதான் தடுப்பூசி போட்டிருப்பீங்க.

அப்படித்தானுங்க?

வாயைத் தெறந்து சொல்ல வேண்டாம். சன்னலுக்கு வெளிய என்னத்தைப் பாக்கறீங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. தலையை மட்டும் ஆட்டுங்க, எனக்கு அது போதும். சிஸ்டர், தலையை மட்டும் ஆட்டுங்க.